பதவிக்கும் வினை உண்டோ?

2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ஆம் தேதி, கனடா தேசத்தில் ஹட்ஸன் விரிகுடாவின் கீழ்க்கரையில் உள்ள இனுக்ஜுவாக் என்னும் சிற்றூரில், இனுயிட் மக்கள் கூடியிருந்த சபையின் முன்னிலையில், அந்நாட்டின் பழங்குடியினர் விவகாரத்துக்கும் வடபுல அபிவிருத்திக்கும் பொறுப்பு வகித்த மந்திரி ஜான் டங்கன், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு பழைய செயலுக்காகத் தம் அரசாங்கத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்தப் பதவியை அவர் ஏற்று அப்போது இரண்டு வாரங்கூட நிறையவில்லை. அச்செயல் தொடங்கிய 1953-இல் அவர் சிறு குழந்தை. ஆணையிட்டவர்களில் அவர் ஒருவரல்லர்; ஆணையை நிறைவேற்றியவர்களிலும் ஒருவரல்லர். ஆயினும், கேட்டவர்கள் அதை ஒரு வெறும் சம்பிரதாயமாகக் கருதவில்லை. கேட்க வேண்டியவர் வந்து கேட்டார் என்றே பலரும் கொண்டார்கள். தாம் செய்யாத வினைக்கு ஒருவர் பிராயச்சித்தம் தேடுவது எங்ஙனம் பொருந்தும்? மனிதனைப் பற்றுவது போல ஒரு பதவியையும் வினை பற்றுமோ? இந்த வினாவைச் சமய நூல்கள் நேரே எழுப்பவில்லை என்றாலும், அரசாங்கம் என்ற அமைப்பின் நிழலில் வாழும் நம் காலத்து மனிதர் எவரும் இதைத் தாண்டிப் போக இயலாது.

வினையின் பயன் அதைச் செய்தவனையே சேரும் என்பது, சைவர், வைணவர், சமணர், பௌத்தர் என்ற பேதமின்றி, இந்நாட்டுச் சமயங்கள் யாவும் ஒப்புக்கொண்ட அடிப்படை. ஒருவன் பசிக்கு மற்றொருவன் உண்ண முடியாது. ஒருவன் பாவத்தை மற்றொருவன் கழுவவும் முடியாது என்றே நாம் பழகியிருக்கிறோம். இந்த நியாயத்தை நேர்க்கோடாகப் பிடித்துக்கொண்டு போனால், இனுக்ஜுவாக்கில் நடந்தது பொருளற்ற சடங்கு என்று முடிவு கட்ட வேண்டியிருக்கும். அப்படி முடிவு கட்டுவதற்கு முன், அந்தப் பதவி எத்தகையது என்பதையும், அந்தச் செயல் யாது என்பதையும் பார்ப்பது கடமை.

கனடாவின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை, யூக்கான், வடமேற்குப் பிரதேசங்கள், நுனாவுட் என்னும் அதன் மூன்று வடபிரதேசங்கள். 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே வாழ்ந்தோரோ 1,20,000 பேருக்கும் குறைவு. இவ்வளவு விரிந்த நிலத்தையும் இவ்வளவு சிலரான மக்களையும் தெற்கே ஒட்டாவாவில் அமர்ந்து ஆண்டவர்கள் நெடுங்காலம் பெரிதாக நினைக்கவில்லை. இனுயிட் மக்களின் நிவாரணச் செலவு க்யூபெக் மாகாணத்தினுடையதா, மத்திய அரசாங்கத்தினுடையதா என்று எழுந்த வழக்கில், அது மத்திய அரசாங்கத்தின் பொறுப்பே என்று 1939-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அம்மக்கள் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி நீதிமன்றம் ஏறியது, அவர்களை ஏற்க இருவர் போட்டியிட்டதனால் அன்று; இருவருமே அந்தப் பாரத்தை இறக்கிவிட விரும்பியதனால். பின்னர், 1953 டிசம்பரில், வடபுல விவகாரத்துக்கும் தேசிய வளங்களுக்கும் என ஒரு புதிய இலாகாவை அமைத்து, ழான் லெஸாஜ் என்பவரை அதன் முதல் மந்திரியாக நியமித்த பிரதம மந்திரி லூயி சென் லோரான், இந்தப் பரந்த வடபிரதேசங்களை இதுகாறும் ஏறக்குறைய இடைவிடாத ஒரு கவனமின்மையிலேயே நிர்வகித்து வந்திருக்கிறோம் என்று பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 1966-இல் அந்த இலாகா, பழங்குடியினர் விவகாரமும் வடபுல அபிவிருத்தியும் என்று வேறு பெயர் பூண்டது. அதன் பின்னும் பலமுறை பிரிந்தும் கூடியும் பெயர் மாறியும் வந்து, இன்றும் வடபுலத்துக்கு என ஒரு மந்திரி இருக்கிறார்.

அந்தப் புதிய இலாகா பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால்தான், அதன் முன்னுருவமாக இருந்த இலாகாவின் நிர்வாகத்தில், நாம் பேசப்போகும் செயல் தொடங்கியது. 1953-ஆம் ஆண்டுக் கோடையில், இனுக்ஜுவாக்கில் வாழ்ந்த சில இனுயிட் குடும்பங்களை 'ஸி. டி. ஹோவ்' என்னும் அரசாங்கக் கப்பலில் ஏற்றி, சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே, எல்ஸ்மியர் தீவில் இன்று கிரீஸ் ஃபியோர்டு எனப்படும் ஊரின் பகுதியிலும், கார்ன்வாலிஸ் தீவின் ரெஸொலூட்டிலும் குடியேற்றினார்கள். அந்த உச்ச வடதிசை வாழ்க்கையை ஓரளவு அறிந்த பாண்ட் இன்லெட் குடும்பங்கள் சிலவும் துணைக்கு அனுப்பப்பட்டன. 1955-இல் மேலும் சிலர் சென்றனர். ஆகமொத்தம் ஏறக்குறைய 90 பேர். சொந்த ஊரில் வேட்டை குறைந்து, மக்கள் நிவாரணத்தை நம்பி வாழத் தலைப்பட்டார்கள் என்றும், புதிய இடத்தில் வேட்டை மிகுதி என்றும் காரணம் கூறப்பட்டது. ஆளற்ற அத்தீவுகளின்மீது கனடாவின் உரிமை நிலைபெற வேண்டும் என்ற கருத்தும் இதில் கலந்திருந்தது என்று, பழங்குடி மக்களைப் பற்றி ஆராய்ந்த அரச ஆணையம் 1994-இல் வெளியிட்ட தன் அறிக்கையில் கண்டு கூறிற்று.

சென்றவர்கள் கண்டது வேறோர் உலகம். கோடையில் காட்டுப் பழங்களும் பறவைகளும் நிறைந்த, தலைமுறைகளாகத் தடம் தெரிந்த நிலத்தை விட்டு வந்தவர்களுக்கு, குளிர்காலத்தில் மூன்று மாதங்களுக்கு மேல் சூரியனே உதிக்காத நிலம் வாய்த்தது. முதற்குளிர்காலத்தைத் துணிக் கூடாரங்களில் கழிக்க நேர்ந்தது. அங்கே திரிந்த கஸ்தூரி எருதுகளை வேட்டையாடுவதோ சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. எல்லோரும் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்வோம் என்று எண்ணிக் கப்பல் ஏறியவர்கள், வெவ்வேறு தீவுகளுக்குப் பிரிக்கப்படப்போகிறோம் என்பதைக் கப்பலின்மேல் இருந்தபோதுதான் அறிந்தார்கள் என்று பின்னாளில் சாட்சியம் கூறினார்கள். விரும்பாவிட்டால் இரண்டு ஆண்டுகளில் திரும்பி வரலாம் என்ற வாக்குறுதி நிறைவேறவில்லை; பெரும்பாலோருக்கு அரசாங்கச் செலவில் திரும்பும் வழி பிறக்க 1980-களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பலர் இறந்து அந்நிலத்திலேயே அடக்கமாயினர்; அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ பெற்றோரின் ஊர் அந்நியமாயிருந்தது. ஆகவே திரும்புதல் என்பதே இன்னொரு பிரிவாக முடிந்தது.

இதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர் என்பதே இதில் நம்மை மிகவும் சிந்திக்க வைக்கும் அம்சம். பலருக்கு அது நன்மை என்ற நம்பிக்கையே இருந்தது. 1996-இல் அரசாங்கம் இடம்பெயர்க்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் 1 கோடி டாலர் நிதியை அளிக்க இசைந்தபோது, மன்னிப்பு என்ற சொல் அந்த உடன்படிக்கையில் இடம்பெறவில்லை. அதற்கு மாறாக, அக்காலத்து அதிகாரிகள் கண்ணியமான எண்ணத்துடனேயே நடந்துகொண்டார்கள் என்பதைத் துன்புற்ற மக்கள் ஏற்றுக்கொள்வதாக ஒரு வாசகம் இடம்பெற்றது. செய்தவனின் உள்ளம் தூயது என்று அடிபட்டவன் சான்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உள்நோக்கம் தூயதாயின் வினை தூயதாகும் என்ற கொள்கைக்கு நம் தத்துவங்களிலும் இடம் உண்டு. ஆனால் அக்கொள்கை, தன் செயலின் விளைவைக் கண்ணாரக் கண்டு, கண்டவுடன் கையை நிறுத்திக்கொள்ளக் கூடியவனுக்கே பொருந்தும். 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஏட்டில் கையெழுத்திட்டுவிட்டு, அங்கே கூடாரத்தில் குழந்தை குளிரில் நடுங்குவதைக் காணவே வாய்ப்பில்லாதவனுடைய நல்லெண்ணம், விளைவு என்னும் உரைகல்லில் ஒருநாளும் உரைக்கப்படாத பொன். அது பொன்னாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பொன் என்று விலை கூறும் உரிமை அவனுக்கு இல்லை.

இனி, வினை தனிமனிதனையே பற்றும் என்ற நியாயத்தை இச்செயலின்மேல் வைத்துப் பார்ப்போம். குடும்பங்களை அணுகிப் பேசியவர் ஒரு போலீஸ்காரர். திட்டத்தை எழுதியவர் ஒட்டாவாவில் ஓர் உத்தியோகஸ்தர். கப்பலைச் செலுத்தியவர் ஒரு மாலுமி. செலவை அனுமதித்தவர் வேறொருவர். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மந்திரி. அவரும் சில மாதங்களில் மாறினார். இலாகாவின் பெயரும் மாறிற்று. ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி வினவினால், ஒவ்வொருவரும் தம் பங்கு மிகச் சிறியது என்று நேர்மையாகவே கூறலாம். எல்லாப் பங்குகளையும் கூட்டினாலும் நடந்த துன்பத்தின் அளவு வராது. அப்படியானால் கர்த்தா இல்லாமலே ஒரு காரியம் நடந்ததென்று கொள்ள வேண்டும். கர்த்தா இல்லாத காரியம் இல்லை என்பது நம் தருக்க நூல்களின் உறுதி. தனிமனிதர்களைக் கூட்டியும் கர்த்தா அகப்படவில்லை என்றால், கர்த்தா வேறிடத்தில் இருக்கிறார் என்றே பொருள். அவர் அமர்ந்திருந்த இடம், மனிதர் மாறினாலும் மாறாத அந்த அதிகார பீடம்.

இதற்கு நம் பழைய நெறியிலேயே ஆதாரம் உண்டு. குடிகளைக் காக்கும் அரசனை அவர்களுடைய அறத்தில் ஆறில் ஒரு பங்கும், காவாத அரசனை அவர்களுடைய அதர்மத்தில் ஆறில் ஒரு பங்கும் சேரும் என்று மனு தர்ம சாஸ்திரம் கூறுகிறது. தான் நேரில் செய்யாத வினையில் அரசனுக்கு எப்படிப் பங்கு வந்தது? விளைச்சலில் ஆறில் ஒரு பங்கை வரியாகக் கொண்டவன் ஆதலால், என்பதே அதன் உட்கருத்து. அதாவது, பீடத்தின் பயன்களை ஏற்பவன் பீடத்தின் சுமைகளையும் ஏற்கிறான். இது வினைக் கொள்கைக்கு விலக்கு அன்று, அதன் விரிவே. முன்னவர் கட்டிய சாலையையும் முன்னவர் வகுத்த எல்லையையும் முன்னவர் ஈட்டிய மதிப்பையும் தமதாகக் கொள்ளும் மந்திரி, முன்னவர் விட்டுச் சென்ற கண்ணீரை மட்டும் தமதல்ல என்று தள்ளுவது கணக்கிலேயே சேராது.

முன்னோன் பிழைக்குப் பின்னோன் சாந்தி செய்வது தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்லும் செய்தி ஒன்று உண்டு. கோவலனைக் கொன்ற பிழைக்காகப் பாண்டியன் உயிர் துறந்த பிறகும் நாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் பரவ, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்கிறது அது. பிழை செய்தவன் வேறு, சாந்தி செய்தவன் வேறு. ஆயினும் அரசுரிமையோடு அந்தக் கடனும் வந்து சேர்ந்தது என்பதைச் செழியன் உணர்ந்தான். அவ்வளவில் அவன் உணர்ச்சி உயர்ந்தது. ஆனால் அவன் செலுத்திய விலையை நினைக்கும்போது உள்ளம் நடுங்குகிறது. ஒரு பொற்கொல்லனின் வஞ்சத்துக்கும் ஓர் அரசனின் அவசரத்துக்கும், ஒரு பாவமும் அறியாத ஆயிரம் பேர் விலையாயினர். பாண்டியன் தன் உயிரைத் தந்தான். செழியன் பிறர் உயிரைத் தந்தான். பிராயச்சித்தம் என்பது தன்னுடையதிலிருந்து தருவதாக இருக்க வேண்டும், பிறருடையதிலிருந்து எடுத்துத் தருவதாக இருக்கலாகாது என்ற பேருண்மையை, எதிர்மறையாகவேனும், இந்தக் கதை நமக்கு உணர்த்துகிறது.

அப்படியானால், வடபுல மந்திரியின் பீடத்துக்குச் சொந்தமானது என்ன? பொருளா? அது வரி செலுத்துவோருடையது. இரங்கும் சொல்லா? அது எவரும் தரக்கூடியது. பிராயச்சித்தத்தின் படிகளாகத் தன் பிழையைப் பிறர் அறியச் சொல்லுதலையும், மனம் வருந்துதலையும், தவத்தையும் தர்ம சாஸ்திரம் கூறுகிறது. முதல் இரண்டும் 2010-இல் இனுக்ஜுவாக்கில் நடந்தன. 2019 மார்ச்சில், 1940-கள் முதல் 1960-கள் வரை காசநோய்ச் சிகிச்சையின் பெயரால் இனுயிட் மக்கள் நடத்தப்பட்ட முறைக்காகப் பிரதம மந்திரி ஜஸ்டின் ட்ரூடோ இக்காலுயிட்டில் மன்னிப்புக் கேட்டபோதும் நடந்தன. குடும்பங்களை வடக்கே ஏற்றிச் சென்ற அதே 'ஸி. டி. ஹோவ்' கப்பல்தான் எக்ஸ்-ரே கருவியோடு ஊர் ஊராய்ச் சென்று, நோய் கண்டவர்களைத் தெற்கே உள்ள ஆரோக்கிய நிலையங்களுக்குக் கொண்டுபோயிற்று. பலருக்குக் கரையிறங்கி விடைபெறவும் அவகாசம் தரப்படவில்லை. இறந்தவர்கள் எங்கே அடக்கமானார்கள் என்பதுகூட எத்தனையோ குடும்பங்களுக்குப் பல பத்தாண்டுகள் தெரியாமலே போயிற்று. 1940-களிலிருந்து ஒவ்வோர் இனுயிட்டுக்கும் எண் பொறித்த வட்டத் தகடு ஒன்று தரப்பட்டு, அரசாங்கத்தின் ஏடுகளில் மனிதர் எண்ணாலேயே வழங்கப்பட்டதும், அதை மாற்றிக் குடும்பப் பெயர்களைப் பதிவு செய்ய 1960-களின் கடைசியில் ஏப் ஓக்பிக் என்னும் இனுயிட் பெரியவர் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்ததும் இதே வரலாற்றின் பகுதிகள். இத்தனைக்கும் எதிரே வெறும் சொல் எம்மாத்திரம்? பீடத்துக்கு உண்மையில் சொந்தமானது ஒன்றே: அதிகாரம். ஆதலின் பீடம் செய்யத்தக்க தவமும் ஒன்றே: அந்த அதிகாரத்தை, எவருடைய வாழ்வின்மேல் அது செலுத்தப்பட்டதோ அவர்களிடமே திரும்ப ஒப்படைத்தல்.

இந்தத் தவத்தின் முதற்படி செவிசாய்த்தல். நீதி வேண்டியவள் அரண்மனை வாயிலை அடைய முடிந்த நகரத்தில்தான் கண்ணகியின் கதை நிகழ முடிந்தது. வாயில் கடலுக்கும் பனிக்கும் அப்பால் இருந்தால், சிலம்பை ஏந்திய கை யாருக்கு முன் நீளும்? 1967 வரை வடமேற்குப் பிரதேசங்களின் நிர்வாகம் அப்பிரதேசத்தில் இல்லாமல் ஒட்டாவாவிலேயே நடந்து வந்தது. அவ்வாண்டில்தான் எல்லோநைஃப் தலைநகராயிற்று. அந்தத் தொலைவைக் கடக்கும் வழியை 1970-களில் நீதிபதி தாமஸ் பெர்ஜர் காட்டினார். மெக்கென்ஸிப் பள்ளத்தாக்கின் வழியே எரிவாயுக் குழாய் போடலாமா என்று ஆராய 1974-இல் நியமிக்கப்பட்ட அவர், நிபுணர்களின் சாட்சியத்தோடு நில்லாமல், 35 ஊர்களுக்கு நேரில் சென்று, பள்ளிக்கூடங்களிலும் பொதுமண்டபங்களிலும் அமர்ந்து, மக்கள் தங்கள் தங்கள் மொழியில், தாங்கள் விரும்பிய அளவு நேரம் பேசக் கேட்டார். ஏறக்குறைய 1,000 பேர் பேசினார்கள். தெற்கில் உள்ளவர்கள் செல்வம் தேடிச் செல்லும் எல்லை நிலமாகக் கண்ட இடம், அங்கே இருப்பவர்களுக்குத் தாயகம் என்பதை 1977-இல் அவர் அளித்த அறிக்கை நாடறியச் செய்தது. அம்மக்களின் நில உரிமைகள் தீரும் வகையில் அந்தப் பள்ளத்தாக்கில் பத்தாண்டுகள் குழாய் வேலையை ஒத்திவைக்க வேண்டும் என்றும், வடக்கு யூக்கான் வழியே குழாயே கூடாது என்றும் அவர் பரிந்துரைத்தார். வாயில் குடிமக்களிடம் சென்றால் அரசாங்கத்தின் தீர்மானம் எவ்வளவு மாறும் என்பதற்கு இதைவிட நல்ல பிரமாணம் காட்டுவது அரிது.

இரண்டாம் படி ஒப்படைத்தல். இனுயிட் மக்கள் பல ஆண்டுகள் பேசி, வாதாடி, 1993-இல் கண்ட உடன்படிக்கையின்படி சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர் நிலம் அவர்களுடைய உடைமையாக உறுதிப்பட்டது. 1999 ஏப்ரல் முதல் தேதி நுனாவுட் என்னும் பிரதேசம் தனக்கெனச் சட்டசபையோடு பிறந்தது. கட்சிகள் இன்றி, இணக்கத்தால் நடைபெறும் சபை அது. நிலத்தையும் கனிவளத்தையும் நிர்வகிக்கும் அதிகாரத்தையும் அப்பிரதேசத்தின் கையில் மாற்றித் தருவதற்கான உடன்படிக்கை 2024 ஜனவரியில் இக்காலுயிட்டில் கையெழுத்தாயிற்று. 2027 ஏப்ரல் முதல் தேதிக்குள் அது நிறைவேற வேண்டும் என்பது ஏற்பாடு. மன்னிப்புரைகள் பேசப்பட்டன, இவை செய்யப்பட்டன. பீடத்தின் பாவத்துக்குப் பரிகாரம் இவற்றில் இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

ஒப்படைப்பதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வேற்றுமையை இங்கே மறந்துவிடலாகாது. அதிகாரத்தைக் கொடுத்துவிட்டோம், இனி உங்கள் பாடு என்று திரும்பிப் பாராமல் போவது, 1939-இல் இரு அரசாங்கங்கள் பாரத்தை ஒருவர்மேல் ஒருவர் தள்ளிய பழைய மனோபாவத்தின் மறுபிறப்பே. வீடுகள் போதாமல் நெருக்கடியும், தெற்கிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் வந்து சேரும் உணவின் கடும் விலையும் இன்றும் அந்நிலத்தை வாட்டுகின்றன. அவற்றுள் எத்தனையோ, பீடம் மக்களைச் சிதறடித்து ஊர்களில் குவித்த காலத்தின் விளைவுகள். நல்ல தர்மகர்த்தா கோயிற் சொத்தைத் தன்னுடையது என்றும் எண்ணுவதில்லை. கணக்குத் தீர்க்காமல் சாவியை எறிந்துவிட்டும் போவதில்லை. தீர்மானம் அவர்களுடையது, அதை நிறைவேற்றும் செலவில் நம் பங்கு நம்முடையது என்ற நிலையே ஒப்படைப்பு என்னும் பெயருக்கு உரியது.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை துணிந்து கூறலாம். பதவிக்கு உயிர் இல்லை. ஆதலால் அது தானாக வருந்தவோ தவம் செய்யவோ முடியாது. ஆனால் அதற்குக் கை உண்டு, நினைவு உண்டு, தொடர்ச்சி உண்டு, ஆதலால் அதற்கு வினையும் உண்டு. உயிர் இல்லாத அந்த வினை, தன்னை அனுபவித்துத் தீர்க்க ஓர் உயிரை வேண்டி நிற்கிறது. பதவியில் அமரும் மனிதன் அந்த உயிரைத் தருகிறான். இதை அறிந்து அமர்பவனுக்கு முன்னவரின் பிழைக்காகத் தலைகுனிவது அவமானம் ஆகாது. அது பதவிப் பிரமாணத்தின் சொல்லப்படாத பகுதி. தொலைவில் உள்ள மக்களுக்குப் பொறுப்பு வகிப்பவன், தான் எத்தனை நன்மை செய்தேன் என்று கணக்கிடுவதைவிட, தான் வந்தபோது தன் கையில் இருந்த முடிவுகளில் எத்தனை, தான் போகும்போது உரியவர் கையில் இருக்கின்றன என்று கணக்கிடுவானாயின், அவன் வகித்த பதவியும் புனிதமாகும். அவனுக்குப் பின் அதில் அமர்பவன் ஏற்க வேண்டிய கடனும் அந்த அளவுக்குக் குறையும்.